நாசி மார்க்கமும் மூளைச் சிகிச்சையும்

கண் நரம்புகள் சந்திக்குமிடத்திற்குச் சற்றுக் கீழே, மண்டையோட்டின் அடித்தளத்தில், பட்டாணியளவாய் பிட்யூட்டரி என்னும் சுரப்பி அமைந்திருக்கிறது. அதில் கட்டி வளர்ந்து மேலெழுந்தால் பார்வை மங்கும். இன்று மூக்குத் துவாரத்தின் வழியே எண்டாஸ்கோப் என்னும் விளக்குக் குழலைச் செலுத்தி, முகத்தில் வடுவின்றி அக்கட்டியை அகற்றுகிறார்கள். இது நேற்றுத் தோன்றிய அற்புதமென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று.

1907-ல் இன்ஸ்புரூக் நகரில் ஷ்லோஃபர் என்ற சஸ்திர வைத்தியர் நாசி மார்க்கமாக இக்கட்டியை அணுகினார். 1910-ல் வியன்னாவின் ஹிர்ஷ் மூக்கின் உட்புறமாகவே சென்றார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் பல ஆண்டுகள் மேலுதட்டின் அடிவழியாக இச்சிகிச்சையைச் செய்து, பின்னர் மண்டையைத் திறக்கும் முறையையே மேற்கொண்டார். காரணமில்லாமலில்லை; பாதை குறுகியது, வெளிச்சம் போதாது, ஆன்டிபயாடிக் மருந்துகளும் அன்று இல்லை. ஆனால் அக்காரணங்கள் ஒவ்வொன்றாக அகன்ற பின்னரும், குஷிங் கைவிட்டதை மற்றோரும் தீண்டவில்லை. கீர்த்தி பெற்ற ஒருவரின் தீர்ப்பு சாஸ்திரத்தை எத்தனை காலம் கட்டிப் போடுகிறது பாருங்கள்! எடின்பரோவில் நார்மன் டாட் போன்ற வெகு சிலரே அதை விடாது காத்தனர். டாட்டிடம் பாரிஸின் கியோ கற்றார். கியோவிடம் கற்ற மாண்ட்ரீல் ஹார்டி 1960-களில் மைக்ராஸ்கோப்பைச் சேர்த்தார்.

ஹாப்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் பௌதிக நிபுணர் கண்ட கண்ணாடித் தண்டு லென்ஸ், குழலுக்குத் தெளிவான பார்வையளித்தது. பிட்ஸ்பர்கில் மூளைச் சிகிச்சை நிபுணர் ஜோவும் மூக்கு வைத்தியர் கரோவும் கூடி, 50 நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையை 1997-ல் வெளியிட்டனர். இருவர் கூடினர் என்பதையே நாம் முக்கியமாகக் கருதுகிறோம்.

அடித்தள எலும்பைத் துளைத்தால் மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கில் கசியலாம். அதன் வழியே மூளையுறை ஜுரம் வரலாம். அகலமான துவாரங்களை அடைப்பது பெருந்தொல்லையாயிருந்தது. 2006-ல் அர்ஜெண்டீனாவின் ஹடாடும் அவருடைய சகாக்களும், மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை இரத்தக் குழாயோடு பெயர்த்து மூடும் முறையை வெளியிட்டனர். கசிவு வெகுவாய்க் குறைந்தது, எனினும் அறவே ஒழியவில்லை. பக்கவாட்டில் பெரிய இரத்தக் குழாயைத் தாண்டிப் படர்ந்த கட்டிகளுக்கு இம்மார்க்கம் பல சமயங்களில் ஏற்றதுமன்று.

ஆகவே, வடுவில்லை என்று மட்டும் விளம்பரம் செய்து கசிவைப் பற்றி வாய் திறவாதிருப்பது முறையன்று. தங்களிடம் இச்சிகிச்சை எத்தனை பேருக்கு நடந்தது, எத்தனை பேருக்குக் கசிந்தது, மூக்கு வைத்தியர் உடனிருப்பாரா என்பவற்றை, நோயாளி கையொப்பமிடுமுன் அவர் தாய்மொழியிலேயே ஆஸ்பத்திரிகள் தெரிவிக்க வேண்டும்.