முதலில் சிம், பிறகு போன்

புதுப் போன் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே யோசனைதான் வருகிறது. "5ஜி போனா எடுத்துக்கங்க. ரேம் ஜாஸ்தியா பாத்துக்கங்க. சிம்மு பெரிய கம்பெனிதானே, இருக்கறதையே மாத்திப் போட்டுக்கலாம். இதுல யோசிக்க என்னங்க இருக்குது?" சேலம் ஐந்து ரோட்டுப் பெரிய கடையிலும் இதுதான் பேச்சு, ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்துச் சின்னக் கடையிலும் இதுதான் பேச்சு.

யோசிக்க நிறைய இருக்கிறது. இந்த யோசனையின் ஒவ்வொரு துண்டும் அரை உண்மை. அதைவிடப் பெரிய கோளாறு அதன் வரிசை. இருபதாயிரம் ரூபாய்ப் போனுக்கு ஒரு மாதம் விசாரிக்கிறோம். அந்தப் போனை வேலை செய்ய வைக்கிற சிம்முக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. நம் வட்டாரத்தில் இது தலைகீழாக நடக்க வேண்டும் என்பது என் கட்சி. எந்த நெட்வொர்க் என்று முடிவு செய்த பிறகுதான் எந்தப் போன் என்ற கேள்வியே வர வேண்டும்.

"இப்பத்தான் எல்லாக் கம்பெனி டவரும் எல்லா ஊர்லயும் வந்துருச்சே" என்பார்கள். டவர் வந்தது உண்மை. ஆனால் சேலம், நாமக்கல் என்றால் சமவெளி என்று எழுதுவதோடு சரி. நிலம் அப்படி இல்லை. சேலம் நகரத்தைச் சுற்றி வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நாமக்கல் பக்கம் போனால் சேந்தமங்கலம் தாண்டியதும் கொல்லிமலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. ரேடியோ அலைக்குப் பாறையைத் துளைக்கத் தெரியாது. மலையடிவாரத்தில் ஒரு கரடுக்கு இந்தப் பக்கம் நல்ல சிக்னல் தரும் கம்பெனி, அந்தப் பக்கம் காலை வாரிவிடும். அங்கே வேறொரு கம்பெனியின் டவர் வாகாக நிற்கும்.

நிலம் போகட்டும், கட்டடத்தைப் பாருங்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தகரக் கூரை போட்ட விசைத்தறிக் கூடத்தில் நின்றால், வாசலில் முழுசாக இருந்த சிக்னல் நாலாவது தறிக்குப் போவதற்குள் பாதியாகிவிடும். தகரம் அலையைத் திருப்பி அடிக்கும். கம்பி நிறையப் போட்ட கான்கிரீட் வீட்டின் உள் அறையும் ஏறக்குறைய இதே கதைதான். குறைந்த அலைவரிசை, அதாவது 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ், தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 2300, 3500 போன்றவை வேகம் தரும், ஆனால் தூரமும் போகாது, சுவரையும் தாண்டாது. உங்கள் டவரில் எந்தக் கம்பெனி எந்த அலைவரிசையை ஏற்றியிருக்கிறது என்பதுதான் உங்கள் அடுப்பங்கரையில் போன் எடுக்குமா என்பதை முடிவு செய்கிறது. விளம்பரத்தில் வரும் நடிகருக்கு அதில் பங்கில்லை.

ஆளுக்கு ஆளும் இது மாறும். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி மாதக்கணக்கில் மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ நிற்கும். நாமக்கல் லாரி டிரைவர் நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். அவருக்கு வேண்டியது வழி நெடுக எடுக்கும் சிம். மோகனூரில் இருக்கும் அவர் மனைவிக்கு வேண்டியது வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் எடுக்கும் சிம். இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. "வீட்டுக்கே ஒரே கம்பெனி" என்று நாலு பேரும் ஒன்றையே போட்டால், அந்த டவர் படுத்த அன்று நாலு போனும் சேர்ந்து படுக்கும்.

"கோடு ஃபுல்லா இருக்குது, அப்புறம் என்ன?" என்பது அடுத்த பேச்சு. கோடு சொல்வது அலையின் பலத்தை மட்டும்தான். சாயங்காலம் ஏழு மணிக்குமேல் ஊரே ரீல்ஸ் பார்க்கும்போது முழுக் கோடு இருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். பஸ் வந்து நிற்பது வேறு, உட்கார இடம் கிடைப்பது வேறு. அந்தக் கோடுகூட எல்லாப் போனிலும் ஒரே அளவில்லை; எந்தப் பலத்துக்கு எத்தனை கோடு என்பதைத் தயாரிப்பாளரே வைத்துக்கொள்கிறார். எண்ணாகப் பார்ப்பது நல்லது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் உள்ளே அபௌட் போன் பகுதியில் சிம் ஸ்டேட்டஸ் என்று இருக்கும். 4ஜியில் மைனஸ் 90, அதற்கும் குறைந்த எண் (மைனஸ் 85, 80 என) வந்தால் நன்று. மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு அறுபடும். பக்கத்து வீட்டுக்காரர், மச்சான், கூட வேலை பார்ப்பவர் என்று வேறு வேறு சிம் வைத்திருப்பவர்களின் போனை வாங்கி, நீங்கள் அதிக நேரம் இருக்கும் இடத்தில் இந்த எண்ணைப் பாருங்கள். ஏழு மணிக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை. 2024-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கொண்டுவந்த தரவிதிப்படி, எந்த ஊரில் எந்தத் தலைமுறைச் சேவை எடுக்கும் என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் தளத்தில் போட்டாக வேண்டும். அதையும் பார்க்கலாம். ஆனால் வரைபடத்துக்கு உங்கள் தகரக் கூரை தெரியாது.

இனி 5ஜி. 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் தொடங்கியது. சேலம் டவுனில் உட்கார்ந்து நாள் முழுக்க வீடியோ பார்க்கும் கல்லூரிப் பையனுக்கு அது நிஜமான லாபம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஆட்களின் போன் வேலை பெரும்பாலும் என்ன? காலையில் முட்டை விலை வாட்ஸப்பில் வருகிறது. ஜிபே, போன்பேயில் காசு போகிறது. லோடு ரசீதைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். இதற்கெல்லாம் ஒழுங்கான 4ஜி தாராளம். போதாக்குறைக்கு, கணக்கில்லாத 5ஜி டேட்டாவை 2024 ஜூலை விலையேற்றத்தின்போது நாளொன்றுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளோடு கம்பெனிகள் கட்டிப்போட்டன. 5ஜிக்காகப் போன் வாங்கி, அதற்குக் கீழான பேக்கைப் போட்டுக்கொண்டு, "5ஜி வேகமே இல்லீங்க" என்று அலுத்துக்கொள்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

"சரிங்க, அஞ்சு வருசம் வச்சிருக்கப் போறோம், நாளைக்கு வேணுமில்ல?" என்பது நியாயமான கேள்வி. பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போனால் இன்று கிடைப்பது பெரும்பாலும் 5ஜி போன்தான். அப்போதும் "5ஜியா?" என்று கேட்டு நிறுத்தினால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். ஜியோ தனித்து இயங்கும் 5ஜியைக் கட்டியது. அதற்கு எஸ்ஏ என்று பெயர். ஏர்டெல் பெரும்பாலும் 4ஜியின் தோளில் நிற்கும் என்எஸ்ஏ வகையில் தொடங்கியது. 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை எடுத்த தனியார் கம்பெனி ஜியோ மட்டும்தான். போனின் விவரத் தாளில் அதை என்28 என்று போட்டிருப்பார்கள். 3500 மெகாஹெர்ட்ஸ் என்78. ஜியோ சிம் வைத்திருப்பவர் எஸ்ஏ, என்28, என்78 மூன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிஎஸ்என்எல் பக்கம் போக நினைப்பவர் 4ஜி பட்டியலில் பேண்ட் 1, பேண்ட் 28 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய போன்கள் பலவற்றில் பேண்ட் 28 இருக்காது. சிம்மை முதலில் முடிவு செய்யுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். சிம் தெரியாமல் இந்த எண்களில் எது தேவை என்று சொல்லவே முடியாது.

பெரியவர்களுக்குப் பட்டன் போன் வாங்கும்போதும் இதே பிழை நடக்கிறது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. பேச்சே 4ஜியில்தான் போகும். பழைய 2ஜி பட்டன் போனில் அந்தச் சிம் வேலை செய்யாது. அதேபோல் ஜியோபாரத் போனில் வேறு கம்பெனி சிம்மைப் போட முடியாது. அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் ஊரில் அந்த சிக்னல் இல்லை என்று பிறகு கண்டுபிடித்தால், போன் பரண்மேல் போகும்.

"பெரிய கம்பெனின்னா பயமில்ல" என்பதற்கு ஒரே பதில் போதும்: ஏர்செல். சி. சிவசங்கரன் தொடங்கிய கம்பெனி. 1999 முதல் தமிழ்நாட்டில் ஓடியது. ஒரு காலத்தில் மாநிலத்தில் முதலிடம். தோனி அணிந்த சென்னை அணியின் மஞ்சள் சட்டையில் அதன் பெயர்தான் இருந்தது. 2018 பிப்ரவரியில் சிக்னல் செத்தது. அந்த மாதக் கடைசியில் திவால் மனு. அப்போது மக்கள் பட்ட பாட்டில் முக்கியமானது, வேறு கம்பெனிக்கு மாறக் குறியீடு வாங்க எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும், அதை அனுப்பவே சிக்னல் இல்லை என்பதுதான். வங்கி, கேஸ், ஆதார் எல்லாம் அந்த எண்ணில் கட்டுண்டு கிடந்தன. ஆகவே நேற்று எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிட்டு, இன்று உங்கள் இடத்தில் எடுக்கிறதா என்று பாருங்கள். இதே கண்ணோடுதான் பிஎஸ்என்எல்லையும் பார்க்கச் சொல்வேன். "செத்த பாம்பு" என்று தள்ளுவது பழைய கணக்கு. உள்நாட்டிலேயே செய்த கருவிகளோடு அதன் 4ஜி 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கத் திறந்துவைக்கப்பட்டது. தனியார் அளவுக்கு வேகத்தை எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் விலை குறைவு. இரண்டாவது சிம்முக்கு நல்ல ஆள்.

"கம்பெனி மாத்துனா நம்பர் போயிரும், பெரிய அலைச்சல்" என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க எண்ணோடு மாறலாம். போர்ட் என்று எழுதி, இடம் விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். நான்கு நாள் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனிக் கடையில் கொடுத்தால் மாநிலத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். புதிதாகச் சிம் மாற்றி வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். மிச்சமிருக்கும் ரீசார்ஜ் கூட வராது என்பதால் வேலிடிட்டி முடியும் தறுவாயில் மாறுவது கெட்டிக்காரத்தனம்.

காசு விஷயத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். "மாசம் முந்நூறு கட்டித்தான் ஆகணும், வேற வழி?" என்கிறார்கள். முதலில், அது மாதம் இல்லை, 28 நாள். ஆண்டுக்கு 13 முறை கட்டுகிறீர்கள். 299 ரூபாய்ப் பேக் என்றால் 3,887 ரூபாய். 30 நாள் பேக்கும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக்கும் ஒவ்வொன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே ட்ராய் சொல்லிவிட்டது. கடைக்காரர் அதை எடுத்துக் காட்டுவதில்லை. அடுத்து, டேட்டா வேண்டாதவர் டேட்டாவுக்குக் காசு கட்டத் தேவையில்லை. 2024 டிசம்பரில் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் கட்டாயம் என்று ஆணை வந்தது. 2025 ஜனவரியில் 84 நாளுக்கு ஜியோ 448 ரூபாய், ஏர்டெல் 469 ரூபாய் என்று வைத்தன. அந்த விலையில் ஜியோவுக்கு ஆண்டுக் கணக்கு 1,950 ரூபாய்க்குள் அடங்கும். ஏறக்குறைய பாதி. விலைகள் அவ்வப்போது மாறும், ஆனால் பேசுவதற்கு மட்டும் பேக் என்ற வகை இருக்கிறது, கேட்டால் கொடுத்தாக வேண்டும். வீட்டிலோ கடையிலோ ஃபைபர் வைஃபை இருப்பவர்களுக்கு இது அருமையான வழி. போனில் வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டால், சிக்னல் எட்டாத உள் அறையிலும் அழைப்பு வைஃபை வழியாக வரும். வாங்கும் போனில், உங்கள் கம்பெனிக்கு அந்த வசதி உண்டா என்று கடையிலேயே கேளுங்கள்.

ரேம், மெகாபிக்சல் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கடை வாசலில் "8+8=16 ஜிபி ரேம்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பின்னால் வரும் 8, போனின் சேமிப்பிலிருந்து கடன் வாங்குவது. நிஜ ரேமைவிட மெதுவானது. முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவார்கள், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் சேலத்தில் இருக்கிறதா, டிஸ்ப்ளே உடைந்தால் என்ன விலை என்ற மூன்றையும் கேட்டால் கடைப் பையன் கொஞ்சம் திணறுவான். கேளுங்கள். "ஜீரோ வட்டி" தவணையைப் பொறுத்தவரை, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு, தவணையில் பிராசஸிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். செகண்ட் ஹேண்ட் என்றால் காசு கொடுக்கும் முன் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்புங்கள். திருட்டுப் போனாகப் பதிவாகி முடக்கப்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இத்தனையும் பார்த்து எடுத்த பிறகும் சிக்னல் அறுந்துகொண்டே இருந்தால், "நம்ம ஊரு அப்படித்தான்" என்று விடாதீர்கள். 198-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போங்கள். தொலைபேசிப் புகாரை நுகர்வோர் மன்றம் விசாரிக்கக் கூடாது என்று கம்பெனிகள் சொல்லிவந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தள்ளிவிட்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.