ஓரிரு இடங்களில் கனமழை

டிசம்பர் பிறந்துவிட்டால் தொலைக்காட்சிச் செய்தியின் கடைசி இரண்டு நிமிடங்களை நம் பகுதி மக்கள் தவறவிடுவதில்லை. காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் மலைகளில் பனிப்பொழிவு, தமிழகத்தில் ஓரிரு இடங்களில் கனமழை என்று வாசித்து முடிப்பார்கள். "அந்த ஓரிரு இடம் என்னைக்குமே நம்ம ஊரு கிடையாது சாமி" என்பார் நம் பங்குப் பெரியவர் ஒருவர். கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, விளாத்திகுளம் என்று விரிந்து கிடக்கும் இந்தக் கரிசல் பூமியில், அறிவித்த மழை வராது என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அந்தப் பழக்கமே நம்மைக் கவிழ்த்தது.

அன்று திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு. திருப்பலிக்கு வந்தவர்கள் குடையோடு வந்தார்கள். மாலையில் யாரும் வீட்டைவிட்டு இறங்க முடியவில்லை. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, நம் கோவில்பட்டியிலேயே ஏறத்தாழ 50. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே சுமார் 65 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கொடூரம் விளங்கும். செந்தூர் விரைவு வண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. தாமிரபரணியில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் ஓடியது.

தூத்துக்குடி நகரம் மூழ்கியதற்குத் தாமிரபரணியை மட்டும் குறை சொல்லிவிடுகிறோம். கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காட்டுத் தண்ணீர் உப்பாறு ஓடை வழியே கோரம்பள்ளம் குளத்துக்குப் போய், அந்தக் குளம் உடைந்ததும் நகரம் தத்தளித்ததற்கு ஒரு காரணம். குடிக்கத் தண்ணீர் இல்லாத காட்டின் தண்ணீர் ஒரு நகரத்தை மூழ்கடித்தது என்றால் யார் நம்புவார்கள்! வடக்கே மலையில் விழும் பனி அங்கேயே உறைந்து கிடந்து, கோடையில் மெல்ல உருகி ஆறாக வருகிறது. நம் மாஞ்சோலையிலும் மணிமுத்தாறிலும் விழும் மழைக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரவில் பெய்தால் விடிவதற்குள் வாசலுக்கு வந்துவிடும்.

வெள்ளம் வடிவதற்கு முன்பே வாக்குவாதம் தொடங்கியது. ஐந்து நாள்களுக்கு முன்பே, டிசம்பர் 12ஆம் தேதியே, வானிலைத் துறை எச்சரித்துவிட்டது என்றார் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். எச்சரித்த அளவைவிடப் பல மடங்கு மழை பெய்தது என்றார் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். நிதானமாகப் பார்த்தால் இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் 'அதி கனமழை', அதற்குச் சிவப்பு எச்சரிக்கை. அதற்கு மேல் நிறம் இல்லை. 21 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, 95 சென்டிமீட்டருக்கும் அதே சிவப்பு. புயலாக இருந்தால் பெயர் வைப்பார்கள், எங்கே கரை கடக்கும் என்று கோடு போட்டுக் காட்டுவார்கள், மக்களும் பயப்படுவார்கள். அன்று வந்தது குமரிக் கடல் பக்கம் நிலைகொண்டிருந்த வெறும் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. பெயரில்லாத ஒன்றுக்கு யார் பயப்படுவார்கள்?

நம் பெரியவர் கிண்டல் செய்யும் 'ஓரிரு இடங்களில்' என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் பெய்யும் என்று பொருள். அது முக்கால் பங்கு ஊர்களில் பொய்க்கத்தான் செய்யும். பத்து முறை பொய்த்ததைக் கண்டவர் பதினோராவது முறை படுத்துத் தூங்குகிறார். இதில் மக்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கரிசல்காரருக்கு மழை அறிவிப்பு குடை எடுக்கும் விஷயம் அன்று. புரட்டாசியில் மழையை நம்பி விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பவர் அவர். மழை பிந்தினால் விதை போகும். பிறகு கடன் வாங்கி மறுவிதைப்பு. மிஞ்சிப் பெய்தாலோ கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் வடிய விடாது. அந்த டிசம்பரில் பூவும் பிஞ்சுமாக நின்ற உளுந்தும் பாசிப்பயறும் நின்ற இடத்திலேயே அழுகின. மக்காச்சோளம் சாய்ந்தது. மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் 3,500 ரூபாய்கூட வராது. பயிர்க் காப்பீட்டிலோ பெரும்பாலும் கிராமத்தின் சராசரி மகசூலைத்தான் பார்க்கிறார்கள். பள்ளத்துக் காட்டுக்காரரின் கண்ணீர் மேட்டுக் காட்டுக்காரரின் விளைச்சலோடு சேர்த்துக் கூட்டி வகுக்கப்படுகிறது!

கடலோரப் பங்குகள் இந்தப் பாடத்தை நமக்கு முன்பே, மிகுந்த விலை கொடுத்துக் கற்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலானபோது நம் மீனவச் சகோதரர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். செய்தி அவர்களை எட்டவில்லை. குமரிக் கடற்கரையில் அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. கடற்கரை ஊர்களில் ஆலய ஒலிபெருக்கியில் வானிலை எச்சரிக்கை வாசிக்கப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். உள்நாட்டுக் கரிசல் பங்குகளிலும் ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. அவை திருவிழாவுக்கும் சாவு அறிவிப்புக்கும் மட்டுமே பாடுகின்றன.

மேற்கே மேகம் எழும்பினால் மழை வரும் என்று சொல்லத் தெரிந்த மக்களை ஆண்டவர் இயேசு கடிந்துகொண்டதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். (அங்கே கடல் மேற்கே, நமக்கு ஐப்பசி மழை கிழக்கேயிருந்து வருகிறது.) வானிலை அறிவிப்பு என்றதும் நமக்கு இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார்: எகிப்தில் பார்வோனின் கனவுக்குப் பொருள் சொன்ன யோசேப்பு. ஏழு ஆண்டு வளம், ஏழு ஆண்டு பஞ்சம் என்று முன்னறிவித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கவும், அதற்கு ஆள்களை அமர்த்தவும் அதே மூச்சில் ஆலோசனை சொன்னார். நம் அறிவிப்புகளில் காணாமல்போவது அந்த இரண்டாவது பாதிதான். சிவப்பு எச்சரிக்கை என்றால் எந்தக் கண்மாயின் மடையை யார் போய்ப் பார்ப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, நடக்க முடியாத பாட்டியை யார் தூக்கிவருவது? இதைச் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ யாரும் எழுதித் தர முடியாது.

இந்தப் பருவத்திலிருந்து நம் ஆலய வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறோம். அன்பியப் பொறுப்பாளர்கள் நாள்தோறும் மாலையில் மாவட்ட வானிலை அறிவிப்பை அதில் எழுதுகிறார்கள். கீழே, சிவப்பு என்றால் மடைக்குப் போக வேண்டிய நான்கு பேரின் பெயர்கள், பள்ளிச் சாவி வைத்திருப்பவரின் பெயர். நான்கு பேரில் இருவர் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். கண்மாய் எல்லாருக்கும் பொதுதானே.

அன்றொரு நாள் 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று எழுதியிருந்தது. நம் பெரியவர் பலகை முன்னால் நின்று வாசித்துவிட்டு வழக்கம்போல் சிரித்தார். பிறகு, மடைக்குப் போக வேண்டியவர்களில் மூன்றாவது ஆள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், அந்தப் பெயரை அழித்துவிட்டுத் தம் பேரனின் பெயரை எழுதச் சொன்னார்.