அப்பாவுக்கு எந்தக் கைப்பேசி?



வானொலியில் வேலை செய்பவரிடம் எல்லாரும் பாட்டும் நடிகர்கள் கதையும்தான் கேட்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்து மைக்கை அணைத்த பிறகு என் வாட்ஸ்அப்பில் அதிகம் வரும் கேள்வியே வேறு. “அக்கா, புது மாடல் கைப்பேசி வாங்கலாமா, போன வருட மாடலே போதுமா?” இத்தனை நாளும் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்து வந்தேன். 2025 தீபாவளிக்கு முன்பு அதே கேள்வியை என் அப்பாவே கேட்டுவிட்டார். தப்பிக்க முடியவில்லை.

அப்பாவுக்கு வயது 70. போர்டிக்சனில் சுவா பெத்தோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவி, பிறகு மண்டோராகி, ஓய்வு பெற்றவர். இப்போது லுக்குட் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறார். அம்மா தவறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் கையில் இருந்தது 2019-இல் நான் முதல் போனஸில் வாங்கிக் கொடுத்த சாம்சுங் கேலக்ஸி ஏ50. திரையில் ஒரு கீறல், மதியத்திற்குள் தீர்ந்துவிடும் பேட்டரி. இருந்தாலும் அதை மாற்ற அவர் சம்மதித்ததே இல்லை.

மாற்ற வைத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. ஒரு நாள் மாலை அப்பா அழைத்தார். “பாப்பா, யாரோ பத்திரிகை அனுப்பியிருக்காங்க. அழுத்தினா திறக்க மாட்டேங்குது. என்னென்னமோ அனுமதி கேக்குது. குடுக்கவா?” எனக்குக் கை நடுங்கிவிட்டது. பத்திரிகை என்ற பெயரில் செயலிக் கோப்பை அனுப்பி, அதை நிறுவியதும் கைப்பேசியைத் தன் வசமாக்கி வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி நம் நாட்டில் பலரை அழ வைத்திருக்கிறது. “எதையும் தொடாதீங்கப்பா” என்று சொல்லி அந்தச் செய்தியை அழிக்க வைத்தேன். பணம் போகவில்லை. போயிருந்தால், 40 வருட உழைப்பின் சேமநிதிப் பணத்தில் மிச்சமிருந்ததெல்லாம் போயிருக்கும். (இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 997. தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையம். ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள்.)

அன்றிரவு யோசித்தேன். எஸ்எம்எஸ் வழி வரும் டிஏசி எண்ணை விட்டு, செயலியிலேயே பரிமாற்றத்தை உறுதிப்படுத்தும் முறைக்கு வங்கிகள் மாற வேண்டும் என்று 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்தது. அன்றிலிருந்து கைப்பேசிதான் வங்கியின் சாவி. அப்பாவின் ஏ50-க்கோ பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வாட்ஸ்அப் ஓடுகிறது, பாட்டுக் கேட்கிறது என்பதால் கைப்பேசி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பூட்டு துருப்பிடித்த வீட்டிலும் விளக்கு எரியத்தான் செய்யும்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று 2024 மார்ச்சில் அறிமுகமான கேலக்ஸி ஏ55. மற்றது 2025 மார்ச்சில் வந்த ஏ56. பழையது சுமார் 1,400 ரிங்கிட், புதியது சுமார் 1,800 என்றார். கடைக்குக் கடை விலை மாறும்; வித்தியாசம் 400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம்.

தம்பி ஏஐ, கேமரா என்று ஆரம்பித்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். “தம்பி, ரெண்டே கேள்வி. மெமரி கார்டு போட இடம் இருக்கா? ரேடியோ வருமா?”

ரேடியோ இரண்டிலும் இல்லை. காதுக்கருவியைச் சொருகும் ஓட்டையும் இரண்டிலும் இல்லை. கைப்பேசி எஃப்எம்-க்கு அந்தக் காதுக்கருவியின் வயர்தான் ஏரியல். கார்டு போடும் இடம் பழைய ஏ55-இல் உண்டு, புதிய ஏ56-இல் எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், அப்பா முடிவு செய்துவிட்டார். “பழசு போதும். உங்கம்மா பேசினதெல்லாம் கார்டுலதான் இருக்கு.”

நான் ஒன்றும் பேசவில்லை. பணம் கட்டும் முன் ஒரு தே தாரேக் குடிக்கலாம் என்று எதிர்க் கடைக்கு அழைத்துப் போய், பில்லின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பவற்றை அடித்துவிட வேண்டும். பேட்டரி இரண்டிலும் 5,000 எம்ஏஎச். பின்புற முதன்மைக் கேமரா இரண்டிலும் 50 மெகாபிக்சல். தண்ணீர் தாங்கும் தரம் இரண்டிலும் ஐபி67. 5ஜி இரண்டிலும் உண்டு. இவற்றைப் பற்றி விற்பனையாளர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் நம் முடிவில் இவற்றுக்கு வேலையில்லை.

மிச்சமிருக்கும் வித்தியாசங்கள் கொஞ்சம்தான். ஏ55-இன் எடை 213 கிராம், ஏ56 198 கிராம். ஏ55 25 வாட் வேகத்தில் சார்ஜ் ஆகும், ஏ56 45 வாட்டில். ஆனால் அந்த வேகத்திற்கான சார்ஜரைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்; நாங்கள் பார்த்த பெட்டியில் வயர் மட்டுமே இருந்தது. திரை, சிப் இரண்டும் புதியதில் ஓரளவு மேல். வாட்ஸ்அப்பும் வங்கிச் செயலியும் பார்ப்பவருக்கு அந்த வேக வித்தியாசம் தெரியவே தெரியாது.

பெரிய வித்தியாசம் விளம்பரப் பலகையில் பொடி எழுத்தில் இருந்தது. ஏ55-க்கு ஐந்து ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு, ஏ56-க்கு ஆறு ஆண்டு என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. பார்க்க ஓராண்டு வித்தியாசம்தான். ஆனால் இந்த ஆண்டுகளை நாம் வாங்கும் நாளிலிருந்து எண்ணக் கூடாது, மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கடை அலமாரியில் பெட்டிக்குள் தூங்கினாலும் அதன் ஆயுள் கரைந்துகொண்டேதான் இருக்கும். ஏ55-இன் காலம் 2029-இல் முடியும், ஏ56-இன் காலம் 2031-இல். நாங்கள் வாங்கப் போன நாளில் பழையதற்கு மிச்சம் ஏறக்குறைய மூன்றரை ஆண்டு, புதியதற்கு ஐந்தரை.

இப்போது வகுத்துப் பாருங்கள். 1,400-ஐ மூன்றரையால் வகுத்தால் ஆண்டுக்கு 400 ரிங்கிட். 1,800-ஐ ஐந்தரையால் வகுத்தால் சுமார் 327. கடைசி வரை வைத்திருப்பவருக்கு விலை கூடியதுதான் மலிவு. மூன்று வருடத்தில் எப்படியும் மாற்றிவிடுவேன் என்பவருக்குக் கணக்கு தலைகீழ். ஆண்டுக்கு 467-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசம். அவர் தாராளமாகப் பழையதை வாங்கலாம்.

கணக்கை அப்பாவிடம் காட்டினேன். தோட்டத்தில் செக்ரோல் எழுதிய மனிதர், ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். பிறகு சொன்னார்: “கணக்கு சரிதான் பாப்பா. 2031 வரைக்கும் நான் இருக்கணுமே. எனக்கு மூனு வருசம் போதும்.”

இதற்கு எந்த விளம்பரத்திலும் பதில் இல்லை. எனக்கும் சட்டென்று வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “2031-இல உங்க பேத்தி படிவம் ஒன்று போவா அப்பா” என்றேன். அந்த ஆண்டுதான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தவள். தினமும் தாத்தாவுக்கு எழுத்துக்கூட்டி வாய்ஸ் அனுப்புகிறவள். அவர் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப கார்டுக்கு என்ன வழி?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டிற்குப் போய் அந்தக் கார்டை என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம். பழைய பாடல்கள் இருந்தன, தெலுக் கெமாங் கடற்கரையில் எடுத்த குடும்பப் படங்கள் இருந்தன. அம்மாவின் குரல் இல்லை. ஒன்றுகூட இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகள் கார்டில் சேர்வதில்லை, கைப்பேசியின் உள் நினைவகத்தில்தான் இருக்கும். பழைய கைப்பேசியை வயர் போட்டு இணைத்து, வாட்ஸ்அப்பின் ‘வாய்ஸ் நோட்ஸ்’ கோப்புறையைத் திறந்தேன். எல்லாம் இருந்தன. “வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க” என்பது முதல், மருத்துவமனையிலிருந்து அனுப்பிய கடைசிப் பதிவு வரை.

அன்று மதியம் கடையில், பழையதைக் கொடுத்தால் 100 ரிங்கிட் கழித்துக்கொள்கிறேன் என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தார். அவர் மேல் தப்பில்லை, எல்லாக் கடையிலும் அப்படித்தான். கொடுத்திருந்தால் அழித்துச் சுத்தம் செய்திருப்பார்கள். கார்டு பத்திரமாக இருக்கிறது என்று நாங்களும் நிம்மதியாக வீடு வந்திருப்போம்.

அதனால் கைப்பேசி மாற்றும் எல்லாருக்கும் சொல்கிறேன். பழையதைக் கொடுக்கும் முன் ஒரு வாரமாவது கையில் வைத்திருங்கள். முதலில் கோப்புகளைக் கணினியிலோ வெளிச் சேமிப்புக் கருவியிலோ நகலெடுங்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுவோர் இரண்டு கைப்பேசிகளையும் பக்கத்தில் வைத்து, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தே வாட்ஸ்அப் உரையாடல்களை மாற்றலாம். மெமரி கார்டை இரும்புப் பெட்டி என்று நம்பாதீர்கள். அதுவும் ஒரு நாள் திடீரென்று படுத்துவிடும். இழக்க முடியாதது எதுவாக இருந்தாலும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஏ56-ஐ வாங்கினோம். அதற்காக ‘எப்போதும் புதியதையே வாங்குங்கள்’ என்று நான் சொல்ல வரவில்லை. இதே வரிசையில் 2021-இல் வந்த ஏ52எஸ், 2022-இல் வந்த ஏ53-ஐவிடப் பல சோதனைகளில் வேகமாக இருந்தது. காதுக்கருவி ஓட்டையும் அதில் இருந்தது. புதியதற்கு இருந்த பலம் பேட்டரியும் நீண்ட புதுப்பிப்புக் காலமும்தான். எண் ஒன்று கூடியதால் எல்லாமே கூடியதாக ஆகாது.

கடைக்குப் போகும் முன் சில விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாடல் எந்த மாதம், எந்த ஆண்டு வெளிவந்தது, புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். விலை அசாதாரணமாகக் குறைந்திருந்தால் மலேசிய செட்டா, வெளிநாட்டு செட்டா என்றும், உத்தரவாதம் நிறுவனத்தினுடையதா கடையினுடையதா என்றும் கேட்டு, எம்சிஎம்சி முத்திரையைத் தேடிப் பாருங்கள். ரசீதை வீசிவிடாதீர்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: ஐபி67 என்பது நல்ல தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்த தரம். போர்டிக்சன் கடலில் நனைத்துப் பார்ப்பதற்கான அனுமதி இல்லை. உப்புத் தண்ணீர் வேறு கதை.

ரேடியோ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மின்னல் எஃப்எம்-ஐ ஆர்டிஎம் கிளிக் செயலியிலும், ராகாவை ஸ்யோக் செயலியிலும் கேட்கலாம். ஆனால் அதற்கு டேட்டா வேண்டும். விநாடிக்கு 64 கிலோபிட் ஒலிபரப்பு என்றால் மணிக்குச் சுமார் 29 எம்பி. அப்பாவைப் போல் நாளைக்கு நான்கு மணி நேரம் கேட்டால் மாதம் மூன்றரை ஜிபி. மழை நாளில் இணையம் படுத்தால் அதுவும் இல்லை.

அதனால் பழைய ஏ50 வீட்டிலேயே இருக்கிறது. சிம் எடுத்தாயிற்று, வங்கிச் செயலியை அழித்தாயிற்று. சமையலறையில் சார்ஜரிலேயே கிடக்கிறது, வயர் காதுக்கருவி தொங்க, முழு நேர வானொலியாக. புதியது சட்டைப் பையில். அதில் பேத்தியின் குரலும் அம்மாவின் குரலும் ஒரே திரையில், ஒன்றன் கீழ் ஒன்றாக.

போன வாரம் அப்பா அழைத்தார். “பாப்பா, இன்னொரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. தொடாம அழிச்சிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அது நெஜமாவே சிலியாவ் மாமா வீட்டுக் கல்யாணமாம். நீ மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டுரு.”

கேட்டுவிட்டேன். அடுத்த வாரம் சந்திப்போம்.