நாலாம் அத்தியாயத்தில் கிடக்கும் அரைப்பேர்

தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பிடித்தபோது அதை ஆராய்ந்து எழுத ஆட்கள் இருந்தார்கள். செடிக்கு நூறு வருசமா எழுத ஆள் இருக்கு. கொழுந்து எடுக்கிறவங்களைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஆய்வுகளோ பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியவை. மித்ரி ஜெகதீசனின் 'டீ அண்ட் சொலிடாரிட்டி' (2019) மாதிரி நல்ல புத்தகங்களும் அதில் உண்டு. அதில் எங்களுக்குக் குறை இல்லை.

எங்கள் குறை வேறு. லயத்திலிருந்து கெம்பஸ் போன தம்பி, தங்கச்சிமாரும் வருசா வருசம் இறுதியாண்டு ஆய்வு எழுதுறாங்க. பைண்ட் பண்ணி, புள்ளி போட்டு, நூலக அலுமாரிக்குப் போகும். அதோட சரி.

நாங்கள் வாசித்தவை பெரும்பாலும் 1823இல்தான் தொடங்குகின்றன. கோப்பி, மன்னார்ப் பாதை, 1948 குடியுரிமைச் சட்டம் என்று பாதிப் புத்தகம் முடிஞ்சிரும். நாலாம் அத்தியாயத்தின் ஒரு மூலையில்தான் சரக்கு இருக்கும்: தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறாங்க, கிலோ குறைஞ்சா எப்ப அரைப்பேர் விழுது. மலையக வரலாற்றை யாரும் எழுதலாம். இதை எழுத அந்தப் பிள்ளையால்தான் முடியும்.

அதை வெளியே எடுத்தால் ஒரு கட்டுரை. ஒரே கேள்வி, வரலாறு ஒரு பந்தி. "50 பேரைச் சந்தித்தேன்" என்றால் போதாது, எங்கே வைத்துச் சந்தித்தோம் என்று எழுத வேணும். கங்காணி பக்கத்தில் நிற்கும்போது ஒரு அக்கா சொல்வதும், ராத்திரி அடுப்படியில் சொல்வதும் ஒரே தரவு இல்லை. பெயரை மறைத்துவிட்டு "கீழ்ப்பிரிவில் மூன்று பிள்ளைகளுள்ள 46 வயது விதவை" என்று எழுதினால், யார் என்று முழுத் தோட்டத்துக்கும் தெரியும். நாளைக்கு வேலைக்களத்தில் நிற்கப்போவது அவங்கதான்.

இதையெல்லாம் ஒரு நாள் செயலமர்வில் கத்துக்க முடியாது. ஸ்லைட், சோத்துப் பார்சல், சேர்டிபிகேட். யாருடைய பிரதியையும் யாரும் திறப்பதில்லை. அடுத்த வாரமே புகழ்ந்து ஒரு மின்னஞ்சல் வரும்: காசு கட்டினால் ஏழு நாளில் பிரசுரம். நிஜமான மதிப்பாய்வு ஏழு நாளில் முடியாது. கட்டுவதற்கு முன் அந்த இதழின் பழைய கட்டுரைகளை வாசித்துப் பாருங்கள். 2007இலிருந்து இயங்கும் 'ஆதர்எய்ட்' அனுபவமுள்ள ஆய்வாளர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்துவிடுகிறது, இலவசம்தான். ஆனால் ஆங்கிலத்தில்.

எங்களுக்கு வேண்டியது ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு மேசை, ஐந்து பேர், ஐந்து பிரதிகள், மூன்று மாதம். முதல் பிரதி தமிழில் இருக்கட்டும். எடுத்த எடுப்பிலேயே ஆங்கிலத்தில் எழுதினால் அரைப்பேர் 'அரைநாள் சம்பளம்' ஆகிவிடும். படிக்கிறவர் அவங்க மத்தியானமே வீட்டுக்குப் போயிட்டாங்க என்று நினைப்பார். அவங்க மலையில் நின்றது முழு நாள். இந்த ஒரு சொல்லை எப்படி விளக்குவது என்பதற்கே ஒரு சனிக்கிழமை போகும்.

வீட்டு அலுமாரியில் பைண்ட் பண்ணின பிரதி வைத்திருப்பவர்கள் எங்களோடு பேசுங்கள். நாலாம் அத்தியாயத்தை மட்டும் கொண்டு வந்தால் போதும்.