பன்னிரண்டு பேர் பார்த்தால்தான் என்ன?



சென்னையில் ஷ்ரவன், சஞ்சய் குமரன் என்ற அண்ணன் தம்பி, பள்ளியில் படிக்கும்போதே மொபைல் ஆப்கள் வெளியிட்டு 2012-ல் பெரிதாகப் பேசப்பட்டார்கள். நமக்கும் அந்த ஆசை உண்டுதானே? ஆனால் ஆப் செய்வது பாதி வேலைதான். ப்ளே ஸ்டோரில் வைக்க, கூகுளின் 'ப்ளே கன்சோல்' என்ற இணையதளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். கட்டணம் ஒரே தடவை 25 டாலர். 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் என் பெரியம்மா மகள், கொழுந்து எடையைக் குறித்து வைக்க ஒரு ஆப் செய்தாள். பணமும் கட்டினாள். அப்புறம்தான் அடுத்த விதி தெரிந்தது. 2023 நவம்பருக்குப் பிறகு கணக்குத் தொடங்கிய தனிநபர்கள், முதலில் ஆட்களை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும். 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். "கம்பெனிக் கணக்குக்கு இது இல்லையாம். நமக்கு மட்டும் ஏன்?" என்று அக்கா அழாத குறை. எனக்கும் அநியாயமாகத்தான் பட்டது. காசு கொடுத்தால் 12 பேரைச் சேர்த்துத் தருபவர்களும் இருக்கிறார்களாம். நான்தான், "வேணாங்க்கா, எங்க லைன்ல கேட்கலாம்" என்றேன்.

மூன்றாம் நாளே அம்மா கேட்டார்: "ஒரு நாளைக்கு மூணு தடவை எடை போடுறாங்க. இதுல ஒரு கட்டம்தானே இருக்கு?" பக்கத்து வீட்டு அத்தை, "சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறாங்களே, அதை எங்க எழுதுறது?" என்றார். இன்னொருவர், "காட்டுல சிக்னல் இல்லாட்டி திறக்கவே மாட்டேங்குதே" என்றார். அக்கா முழித்தாள்! படித்தவள்தான், ஆனால் ஒரு நாளும் கொழுந்து பறித்ததில்லையே. இது அப்படியே வெளிவந்திருந்தால் கணக்கு தப்பாகும். நம் அம்மாக்களின் கூலிக் கணக்கு அது!

எனவே, அந்த விதி நல்லது என்பதே என் கருத்து. 12 பேருக்குப் போனும் சிக்னலும் தேடுவது நம் மலையில் கஷ்டம்தான். அதற்காகக் காசுக்கு ஆள் பிடித்தால் ஏமாறுவது கூகுள் இல்லை, நாம்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டரில் நாங்கள் எது செய்தாலும், மார்க் போடும் முன் அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் காட்டி வரச் சொல்லுங்கள்.

14 நாள் முடிந்ததும், 'சோதித்தவர்கள் என்ன சொன்னார்கள், என்ன திருத்தினீர்கள்?' என்று கன்சோல் கேட்டது. அக்காவுக்கு எழுத நிறைய இருந்தது.

– 9-ம் வகுப்பு மாணவி