மந்தம் வந்தால் விலை அடங்குமா?

பொருளாதாரம் மெதுவாகிறது, இனி விலைவாசி ஏறாது, வட்டி குறையும், பங்கு வாங்க இதுவே நேரம். ஜார்ஜ்டவுன் பசியாறும் கடைகளில் இப்போது இதுதான் பேச்சு. இதை நம்பிச் சேமிப்பைப் போடுகிறவர்களில் நம்மவர்கள் பலர். அதனால் மறுத்தே ஆகவேண்டும்.

மந்தத்தில் விலை அடங்கும் என்பவர்கள் 1998ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு மலேசியப் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. பணவீக்கமோ 5.3 விழுக்காட்டுக்கு ஏறியது. காரணம் வெள்ளியின் சரிவு: டாலருக்கு இரண்டரை வெள்ளி என்றிருந்தது அந்த ஜனவரியில் 4.88 வரை போனது. கப்பலில் வரும் பருப்புக்கு, வேலை போனவர் வீடும் கூடுதல் விலைதான் கொடுக்கவேண்டும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்ததும் பினாங்கின் வியாபார நிலவரத்தைப் பார்த்து அல்லவே!

2024இல் பணவீக்கம் 1.8 விழுக்காடுதானே என்பார்கள். அந்த எண்ணுக்குள் மானியமும் விலைக் கட்டுப்பாடும் இருக்கின்றன. அவ்வாண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் விலகியது; லிட்டர் 2.15 வெள்ளி ஒரே இரவில் 3.35 ஆனது.

வட்டி குறைவதும் முழு நற்செய்தியல்ல. 2025 ஜூலையில் பேங்க் நெகாரா 3 விழுக்காட்டை 2.75 ஆக்கியது, வளர்ச்சி தளரக்கூடும் என்ற கவலையால்தான்.

பங்கு மலிவு என்ற வாதம்தான் மிக ஆபத்தானது. விலையைப் போன வருட லாபத்தால் வகுத்துப் பார்த்து மலிவு என்கிறார்கள். மந்தத்தில் முதலில் குறைவதே லாபம். வெள்ளி வலுத்தாலும் லாபம் கரையலாம்: பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகள் பல டாலரில் சம்பாதிக்கின்றன. 2024 பிப்ரவரியில் 10 லட்சம் டாலர் ஏறத்தாழ 48 லட்சம் வெள்ளி. செப்டம்பர் இறுதியில் 41 லட்சம் சொச்சம். ஒரு சில்லுகூடக் குறையாமல் விற்றாலும் கணக்கில் 7 லட்சம் காணாமல் போகும்.

1997 பிப்ரவரியில் கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1271. அது 800க்கு இறங்கியபோதே மலிவு என்று வாங்கியவர்கள், 1998 செப்டம்பர் 1இல் 262ஐப் பார்த்தார்கள். 1999 இறுதியில் குறியீடு 812க்கு மீண்டது உண்மை. சொந்தப் பணத்தில் வாங்கிய சிலரால் அதுவரை காத்திருக்க முடிந்தது. கடனில் வாங்கியவர்களின் பங்குகளைக் கடன் கொடுத்தவர்கள் அதற்குள் விற்றுவிட்டார்கள்.

இபிஎஃப் 2024க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதற்காக, அதன் நெகிழ்வுக் கணக்கில் இருக்கும் பணத்தை இந்தப் பேச்சை நம்பி எடுத்துவிடாதீர்கள்.