பழைய எஃகு சைக்கிளை எடைக்குப் போடாதீர்கள்

நல்ல எஃகில் செய்த பழைய மவுண்டன் பைக் வீட்டில் இருந்தால் அதை எடைக்குப் போடுவதும் பாவம், துடைத்துச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதும் பாவம் என்பது என் கட்சி. அதைப் பிரிக்க வேண்டும், தேய்ந்ததை மாற்ற வேண்டும், உயிர் காக்கும் இடங்களில் இன்றைய பாகங்களைப் போட வேண்டும், பிறகு ஓட்ட வேண்டும். கோவை ஆவாரம்பாளையத்தில் அப்பா நடத்திய லேத் பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். பம்ப் ஷாஃப்ட், புஷ், கிரைண்டர் பாகம் என்று நாள் முழுக்க இரும்போடு பழகுகிற கைக்கு எது மீண்டும் எழும், எது எழாது என்பது தெரியும்.

சைக்கிள் என் கொழுந்தனாருடையது. 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் படிக்கும்போது வாங்கி, ஊர் திரும்பும்போது பிரித்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். பிரிட்ஜ்ஸ்டோன், எம்பி வரிசை. நமக்கு டயர் கம்பெனியாகத் தெரிகிற அதே பிரிட்ஜ்ஸ்டோன்தான். ஜப்பானில் அவர்களுக்குச் சைக்கிள் தொழிலும் உண்டு. அமெரிக்காவில் இந்தச் சைக்கிள்களை வடிவமைத்தவர் கிராண்ட் பீட்டர்சன். 1994-ல் பிரிட்ஜ்ஸ்டோன் அங்கே சைக்கிள் கடையைக் கட்டியதும் அவர் ரிவென்டெல் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். குழாய்களை லக் என்ற இணைப்புக் குழலில் செருகிப் பற்றவைத்த எஃகு சட்டங்களை அந்த நிறுவனம் இன்றும் விற்கிறது. மொட்டைமாடி அறையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த சைக்கிளை நான் கேட்டபோது கொழுந்தனார், "விடுங்க அண்ணி, அதுக்கெல்லாம் இப்பச் சாமான் கிடைக்காதுங்க" என்றார். கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதில்தான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது.

மவுண்டன் பைக் பிறந்த கதையே பழைய சைக்கிளைச் சரிசெய்து மாற்றிய கதைதான். 1970களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், 1930, 40களில் செய்த ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து வாங்கி, மட்கார்டையும் செயின் கவரையும் கழற்றிப் போட்டுவிட்டு மலைப்பாதையில் இறக்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக், பின்சக்கர ஹப்புக்குள் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் அதிலிருக்கும் கிரீஸ் சூட்டில் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1976 அக்டோபரில் அங்கே முதல் பந்தயம் நடந்தது. பிறகு டிரம் பிரேக், மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர், கியர் என்று ஒவ்வொன்றாக மாட்டினார்கள். பழைய சட்டங்கள் அந்த அடியைத் தாங்காமல் போன பிறகுதான் 1977-ல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே குரோமோலி எஃகில் புதுச் சட்டம் கட்டினார். அவருடைய முதல் சைக்கிள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஜப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்ததும் எல்லோரும் வாங்கக்கூடிய பொருளாயிற்று. ஆகவே, வாங்கியபோது இருந்த பாகத்தைத் தவிர எதையும் தொடக்கூடாது என்று சொல்லும் சேகரிப்பாளர்களின் பேச்சை நான் ஏற்க மாட்டேன். இந்த வண்டியின் குலத்தொழிலே மாறிக்கொண்டிருப்பதுதான்.

குரோமோலி என்பது சுமார் 1 சதவீதம் குரோமியமும் 0.2 சதவீதம் மாலிப்டினமும் சேர்த்த எஃகு. சாதாரண இரும்புக் குழாயைவிட மெல்லிசாக இழுத்தாலும் தாங்கும். நல்ல சட்டத்தில் குழாயின் இரண்டு முனையும் தடிமனாகவும் நடுப்பகுதி மெல்லிசாகவும் இருக்கும், முனையில் 0.9 மில்லிமீட்டர் என்றால் நடுவில் 0.6 இருக்கலாம். பற்றவைக்கும் சூடு படுகிற இடத்துக்குத் தடிமன், மற்ற இடத்தில் எடை குறைப்பு. இப்படிப்பட்ட சட்டத்துக்கு எதிரி துருதான், அதுவும் வெளியே தெரிகிற துரு இல்லை. பெடல் அச்சு உட்காரும் கூட்டைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டும். சீட் வழியாக இறங்குகிற தண்ணீர் அங்கேதான் தேங்கும். எங்கள் சட்டம் கோவைக் காற்றில் நின்றதால் மேல்துருவோடு தப்பியது. தூத்துக்குடியில் நின்றிருந்தால் வேறு கதை.

பெயின்டை நான் உரிக்கவில்லை. கீறல் விழுந்த இடங்களில் துருவைச் சுரண்டி பிரைமர் வைத்து மூடினேன். குழாய்களுக்குள் எண்ணெய் ஊற்றி எல்லாப் பக்கமும் ஓடும்படி சட்டத்தைப் புரட்டிப் புரட்டி வைத்தேன்.

அதிக நேரம் பிடித்தது சீட் பில்லர். எஃகு சட்டத்துக்குள் அலுமினியப் பில்லர் கிரீஸ் இல்லாமல் வருடக்கணக்கில் ஈரத்தோடு கிடந்தால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே அரிப்பு ஏறி, அலுமினியம் உப்பிப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடிப்பவர்கள் சட்டத்தைத்தான் கெடுப்பார்கள். எண்ணெய் ஊறவைத்து, பில்லர் தலையை வைஸில் இறுக்கிச் சட்டத்தையே நெம்புகோலாகத் திருப்பிப் பார்ப்பது முதல் வழி. அதற்கும் அசையாவிட்டால் பில்லரை மேலே அறுத்துவிட்டு, ரம்பத் தகட்டை உள்ளே விட்டு நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, சுருட்டி வெளியே எடுக்க வேண்டும். எஃகைத் தொடுவதற்கு முன் நிறுத்தக் கை தெரிந்திருக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தேன். புதுப் பில்லர் வாங்கும்போது இன்னொரு சிக்கல்: இவை 26.8, 27, 27.2 என்று 0.2 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரும். எங்கள் சட்டத்துக்கு 27 வேண்டும். கடையில் இருந்தது 27.2. உள்ளே மாண்ட்ரல் செருகி லேத்தில் பிடித்துக் கடைந்தேன். கையால் தள்ளினால் இறங்குகிற அளவுக்கு வந்து நின்றபோது அடைந்த சந்தோஷம், புதுச் சைக்கிள் வாங்கியவருக்குக் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்து பெடல் அச்சுக் கூடு. கூட்டின் விட்டம் 1.37 இஞ்ச், இஞ்சுக்கு 24 மறை. வலது பக்கம் மட்டும் இடது மறை. மிதிக்க மிதிக்கக் கப் கழன்றுவிடாமல் இருப்பதற்காக அப்படி. இந்த மறைக்கு உலகம் முழுக்க மெக்கானிக்குகள் சொல்லும் பெயர் பிஎஸ்ஏ. இங்கிலாந்தில் துப்பாக்கி செய்த பர்மிங்காம் கம்பெனியின் பெயர் அது. அந்தப் பெயரில் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் செய்த எஸ்எல்ஆர் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பர்மிங்காமில் வகுத்த அளவில் ஜப்பானில் ஒரு சட்டம் கட்டப்பட்டு, கலிபோர்னியாவில் ஓடி, கோவைக்கு வந்திருக்கிறது. இன்று வாங்கிய புது பேரிங் கார்ட்ரிட்ஜ் அதில் முதல் மறையிலேயே பிடித்து ஏறியது. நடுவில் பல பெரிய கம்பெனிகள் மறையை விட்டுவிட்டு, பேரிங்கை அப்படியே அழுத்திச் செருகும் முறைக்குப் போயின. முனகல் சத்தம் கேட்டு வாடிக்கையாளர்கள் நொந்துபோன பிறகு அவற்றில் பல மறைக்கே திரும்பி வந்தன.

சக்கரங்களைக் கணபதி பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கோட்டம் எடுப்பதில் அவருக்கு ஈடு இந்தப் பக்கம் ஆளில்லை. ரிம்மைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கம்பிய மட்டும் மாத்திக்கலாம் அம்மிணி, ரிம்மு இன்னும் பல வருசம் ஓடும்" என்றார். பிரேக் கட்டை உரசும் பக்கம் குழிந்திருந்தால் ரிம்மை மாற்றியே ஆக வேண்டும்; ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், குழிவில்லை. பின் ஹப்பில் போட்டது நம்மூர் சைக்கிளுக்குப் போடும் அதே கால் இஞ்ச் பால்ரஸ், பக்கத்துக்கு ஒன்பது. டயருக்கும் அலைய வேண்டியதில்லை, ஒரு எச்சரிக்கை மட்டும் போதும். நம் கடைகளில் '26 இஞ்ச்' என்று இரண்டு டயர் உண்டு. 26 x 1 3/8 என்பது 590 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. மவுண்டன் பைக்கின் 26 என்பது 559. ஒன்று மற்றதில் உட்காராது. டயரின் ஓரத்தில் 559 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எதை மேம்படுத்துவது, எதை விடுவது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. பிரேக்கை மாற்றத்தான் வேண்டும். பழைய கான்டிலீவர் பிரேக் இருந்த அதே முளைகளில் வி-பிரேக் பொருந்தும். ஆனால் அது கேபிளை அதிகம் இழுக்கும் என்பதால் லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிடிமானம் ஆபத்தாகிவிடும். டயரும் பிரேக்கும் புதிதானால் வண்டியே புதிதாகிறது. டிஸ்க் பிரேக் வேண்டாம்: அந்தச் சுமையை ஏற்கும்படி இந்த ஃபோர்க்கும் பின்குழாய்களும் கட்டப்படவில்லை. சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் வேண்டாம். வெறும் ஃபோர்க்குக்கு என்று வரைந்த சட்டத்தில் நீளமான ஃபோர்க்கை மாட்டினால் முன்பக்கம் தூக்கி, திருப்புவது மந்தமாகி, தலைக்குழாயில் பளு ஏறும். குண்டும் குழியுமான பாதைக்கு அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினாலே போதும்.

கியரை அப்படியே விட்டேன். கட்டைவிரலால் தள்ளுகிற சன்டூர் லீவர், 'டிக் டிக்' என்று தானாக நிற்காது. எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைக் கை தெரிந்துகொள்ளும். இன்று ஏறத்தாழ எல்லாக் கம்பெனியும் பின்பற்றும், செயினைப் பல்சக்கரம் மாற்றும் சாய்ந்த இணைகர டிரெய்லர் அமைப்பை 1964-ல் கண்டுபிடித்தது இந்த சன்டூர்தான். கம்பெனி நொடித்துப்போனது, லீவர் வேலை செய்கிறது. பின்னால் ஏழு பல்சக்கரம் போட்டாலும் எட்டு போட்டாலும் அந்த லீவர் இழுக்கும். முன்னால் இருக்கும் மூன்று பல்சக்கரத்தை ஒன்றாகக் குறைப்பது இப்போதைய பழக்கம். தடாகம் தாண்டி மாங்கரையிலிருந்து ஆனைகட்டிக்கு ஏறிப் பாருங்கள், 24 பல் சின்னச் சக்கரத்தின் அருமை தெரியும்.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். புதிய, விலை உயர்ந்த அலுமினிய, கார்பன் சைக்கிள்களை என் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் ஒரே குறை: பின் டிரெய்லரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர், ஒடிந்திருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். வாங்கிய கடையில் கேட்டால் ஸ்டாக் இல்லை என்கிறார்கள், வரும்போது வரும் என்கிறார்கள். விரல் நீளமுள்ள துண்டுக்காக மொத்த வண்டியும் நிற்கிறது. நான் பிளேட்டை அறுத்து, ராவி, மறை போட்டுக் கொடுக்கிறேன். எஃகு சட்டத்தில் அந்த ஹேங்கர் சட்டத்தோடு சேர்ந்தது; வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். பின் அச்சின் அகலம் 135-லிருந்து 142, 148, 157 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது, அவற்றில் சில உண்மையும்கூட. ஆனால் முந்தைய அளவுக்கான பாகத்தை எத்தனை ஆண்டு செய்து தருவீர்கள் என்று கேட்க நமக்கு இங்கே வழியில்லை.

பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணு சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. சைக்கிள் என்று தனியாக ஒன்று அதில் இல்லை. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவச சைக்கிள் எங்கே நின்றுபோனாலும் தெருமுனைக் கடையில் ஓடவைக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த அளவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும் பாகம். அந்த வசதி அரை லட்சம் ரூபாய்க்குச் சைக்கிள் வாங்குகிறவருக்கு இல்லை. சைக்கிளையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரு மாடலை விற்பனையிலிருந்து எடுத்த பிறகும் குறைந்தது பத்து ஆண்டுகள் ஹேங்கர், பேரிங், அச்சு ஆகியவற்றைத் தர வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும். முடியாத கம்பெனி அந்தப் பாகத்தின் வரைபடத்தை வெளியிடட்டும், எங்களைப் போன்ற பட்டறைகள் செய்துகொள்ளும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெளிநாட்டு வண்டியாக இருக்க வேண்டியதில்லை. 90களில் பையனுக்கு வாங்கிய ஹெர்குலிஸோ ஹீரோ ரேஞ்சரோ மாடிப்படிக்குக் கீழே கிடந்தாலும் சரி. எடைக்குப் போடும் முன் அதைப் பக்கத்தில் இருக்கும் பழைய சைக்கிள் மெக்கானிக்கிடம் ஒருமுறை தள்ளிக்கொண்டு போங்கள். அவர் கடையைத் திறந்து வைத்திருக்கும் காலத்திலேயே போங்கள்.